நாய்க்கு வைக்காத பங்கு

தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்தத் தெரு நாய் ஒரே மாதத்தில் கொழுத்துவிடும். முதல் மூன்று நாள் மூன்று வேளையும், அதன் பிறகு முப்பதாம் நாள் வரை சாயங்காலம்தோறும், இறந்தவர் பங்கு என்று ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும் அதன் முன்னால் வைக்கப்படும். யஸ்து நகரின் ஜரதுஷ்டிர மதத்தார் தெருக்களில் எங்கே துக்கம் என்று தெரிய வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டாம், நாயின் வயிற்றைப் பார்த்தால் போதும்.

அதனால்தான் தெருமுனையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஃபந்துக் நாயின் விலா எலும்புகளைப் பார்த்ததும் ஹோமாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டியை நிறுத்து."

தீரந்தாஸ் நிறுத்தினான். அவனுடைய டாக்ஸி நிற்பதில் ஒருநாளும் தகராறு செய்ததில்லை, கிளம்புவதில்தான்.

"என்ன அண்ணி?"

"அந்த நாயைப் பாரு."

"பாத்தேன். என்னை மாதிரியே இருக்கு. வீட்டில கவனிக்க ஆள் இல்ல."

"கேஷ்வர் அம்மா வீட்டில துக்கம் நடந்து இன்னிக்கு இருபத்தெட்டாவது நாள். வீடு இதே தெருவில. அப்புறம் இது ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு?"

தீரந்தாஸ் ஸ்டியரிங்கில் தாடையை வைத்து யோசித்தான். "துக்கம் தாங்கலையோ என்னவோ."

ஹோமாய் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது. அவளுடைய இறந்துபோன கணவன் நாம்தாரின் தம்பி அவன். நாற்பத்தாறு வயது, மூன்று முறை பெண் பார்த்து மூன்று முறையும் பெண் வீட்டார் சிரித்துச் சிரித்தே அனுப்பிவிட்டவன். ஹோமாய் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் பேச்சையெல்லாம் இணைத்து இணைத்து, மனிதர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எந்த வார்த்தைக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறார்கள் என்று தெரிந்துகொண்டவள். வேலையை விட்ட பிறகு ஊர் தன் சந்தேகங்களை அவளிடம் கொண்டுவரத் தொடங்கியது. காணாமல் போன மோதிரம், காணாமல் போன ஆடு, காணாமல் போன தூக்கம்.

நேற்று மாலை வந்தது காணாமல் போன ஒரு கணவன்.

வந்தவள் நாஹீத், பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்து மூன்று வயது. விரலில் மாட்டியிருந்த தையல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள்.

"ஹோமாய் அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நான் விதவையா, இல்லையா?"

அவளுடைய கணவன் மெஹ்ரபான் ஏழு வருடத்துக்கு முன்னால் பூனாவில் தூரத்து மாமா ஒருவரின் தேநீர்க் கடைக்கு வேலைக்குப் போனவன். இரண்டு வருடம் கடிதம் வந்தது. ஐந்து வருடம் ஒன்றும் வரவில்லை. போன மாதம் மாமியார் கேஷ்வர், காய்ச்சலில் அவன் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் பிரார்த்தனை நடந்தது. பத்தாம் நாளும் நடந்தது. பதினைந்தாம் நாள் அதே கேஷ்வர் ஆள் அனுப்பி, தஃப்த் ஊர்க் கணக்கு வாத்தியார் இஸ்ஃபந்தியாரின் வீட்டில் மருமகளுக்காகச் சம்பந்தம் பேசிவிட்டாள்.

"மாமியாரேவா?" என்று கேட்டிருந்தாள் ஹோமாய்.

"அத்தையேதான். 'ஏழு வருஷம் ஏற்கெனவே அழுதாச்சு, இன்னும் எதுக்கு'ங்கிறாங்க. முப்பதாம் நாள் முடிஞ்ச மறுநாள் நிச்சயம் பண்ண அவங்க வீட்டில இருந்து பச்சைத் துணியும் சர்க்கரைக் கூம்பும் எடுத்துட்டு வர்றாங்க."

"கடிதத்தை நீ பாத்தியா?"

"பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க. ஒரு வருஷம் கண்ணில படக் கூடாதாம்."

"வாத்தியாரை உனக்குப் பிடிச்சிருக்கா?"

நாஹீத் விரல் தொப்பியைத் திருகினாள். "பிடிச்சிருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. பிடிக்கலேன்னா அத்தை சொன்னதை அப்படியே நம்பியிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கே அவர் வாசல்ல வந்து நின்னா? ரெண்டு பேருக்குப் பெண்டாட்டியா நான் நிக்கணுமா, அக்கா?"

முப்பதாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஹோமாயின் கையில் ஒரு நூலும் இல்லை. இப்போது, மெலிந்த ஒரு நாய் இருந்தது.

*

ஃபந்துக்கை வளர்க்கும் லால், அதே தெருவில் பீட்ரூட் அவித்துக்கொண்டிருந்தாள். ஹோமாய் கேள்வியை முடிக்கும் முன்பே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீயே கேளு ஹோமாய்! என் நாயில என்ன குறை? கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு, நாலு கண்ணு நாய்! யார் வீட்டுப் பாடைக்கு முன்னாடி நாய் நின்னு பாக்கணும்னாலும் இதைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. மூணு தெருவுக்கு ஒரே நாய். அந்தக் கேஷ்வர் ஒரு துண்டு ரொட்டி... ஒரு துண்டு!"

"ஒருநாள்கூட வைக்கலையா?"

"ஒருநாள்கூட வைக்கல. கேட்டதுக்கு, 'காசிமாபாத்ல தங்கச்சி வீட்டு நாய்க்கு வைக்கிறேன், மெஹ்ரபான் சின்ன வயசில அங்கதான் விளையாடினான்'னு சொன்னா. தினமும் பொழுது சாயறப்போ முட்டையும் ரொட்டியும் வெள்ளைத் துணியில மூடி எடுத்துட்டு எங்க வாசலைத் தாண்டித்தான் போறா. இது பின்னாடியே போகும். அவ கல்லை எடுப்பா."

"நாய் மேல கல்லா?" தீரந்தாஸ் உண்மையாகவே அதிர்ந்துபோனான். "கேஷ்வர் அம்மாவா? என் கல்யாணப் பேச்சில பொண்ணு வீட்டுக்காரங்ககூட அப்படிச் செய்யல."

"எடுப்பா, எறிய மாட்டா. எடுத்துட்டு அப்படியே நின்னு அழுவா. அப்புறம் போயிடுவா."

ஹோமாய் அந்தக் காட்சியை மனதில் ஒருமுறை நடத்திப் பார்த்தாள். கையில் கல்லோடு நாய் முன்னால் நின்று அழும் ஒரு எழுபது வயதுப் பெண். மகனை இழந்தவளின் அழுகை தேய்ந்து தேய்ந்து கண்ணில் வறட்சியாக முடியும் என்பது ஹோமாய்க்குத் தெரியும். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. பிடிபட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களும் அழுவார்கள்.

"காசிமாபாத்," என்றாள் தீரந்தாஸிடம்.

"வண்டி வரணுமே."

"தள்ளு."

*

காசிமாபாத்தில் கேஷ்வரின் தங்கை பானு வாசலில் மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாயா? எங்க வீட்டில ஏது நாய்? போன வசந்தத்துலயே செத்துப்போச்சே."

"அப்ப உங்க அக்கா தினமும் சாயங்காலம்..."

"அக்கா இங்க வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. துக்கத்துக்கு நான்தான் போனேன். என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசல, எழுந்து உள்ள போயிட்டா." பானுவின் மடியில் இருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை எட்டிப் பார்த்தது. "இதுதான் இருக்கு. இது யார் பங்கையும் யாருக்கும் கொண்டுபோய்ச் சேக்காது. எல்லாத்தையும் தானே தின்னுடும்."

திரும்பி வரும் வழியில் தீரந்தாஸ் ஒரு மைல் தூரம் பேசாமல் வந்தான். அவனுக்கு அது பெரிய தூரம்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கிழவி மகனுக்கு விஷம் வெச்சுட்டா."

"பூனாவில இருக்கிறவனுக்கு யஸ்துல இருந்தா?"

"தபால்ல."

"வேற சொல்லு."

"நாய் தின்னல, பூனை தின்னல. முட்டை மட்டும் தினமும் வீட்டை விட்டுப் போகுது. எனக்கு என்னமோ மெஹ்ரபான் மேல இருக்கிற அக்கறையை விட அந்த முட்டை மேலதான் அக்கறையா இருக்கு."

ஹோமாய் அவன் பக்கம் திரும்பினாள். கோமாளிப் பேச்சின் நடுவில் அவன் எப்போதாவது ஒரு நல்ல கேள்வியை உதிர்த்துவிடுவான். அதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வதுதான் அவள் வேலை.

"திருப்பிச் சொல்லு."

"எதை? தபாலையா?"

"முட்டையை. ஒரு தாய் தினமும் இருட்டுக்கு முன்னாடி சாப்பாட்டை மூடி எடுத்துட்டு வெளியே போறா. எங்க போறேன்னு பொய் சொல்றா. பின்னாடி யாரும், ஒரு நாய்கூட, வரக் கூடாதுங்கறா. அது யாருக்கான சாப்பாடு?"

தீரந்தாஸ் பிரேக்கை மிதித்தான். "ஐயையோ! அவன் இங்கதான் இருக்கான்!"

"ரோட்டைப் பாரு."

"எங்கயோ எதையோ செஞ்சுட்டு வந்து ஒளிஞ்சிருக்கான். அவன் செத்துட்டான்னு அம்மாக்காரி ஊரை நம்ப வெச்சுட்டு முட்டை ஊட்டி வளக்குறா!"

அது பொருந்தத்தான் செய்தது. அதுதான் ஹோமாய்க்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் நாஹீத் பயந்த கணவன் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டான், ஒருவேளை அந்த வீட்டுக்குள்ளேயே.

*

அன்று தூதர் ஜரதுஷ்டிரரின் நினைவு நாள். அவர்கள் திரும்பி வந்தபோது தெருவே காலியாகியிருந்தது. எல்லாரும் நெருப்புக் கோயிலில் இருந்தார்கள். நாஹீத்தும் காலையிலேயே போய் அங்கே அடுப்பங்கரையில் எண்ணெய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கேஷ்வர் மட்டும் போகவில்லை.

"கால் வலி," என்றாள் கதவைத் திறந்தபடி. ஆனால் சமோவரிடம் போய், தேநீர் ஊற்றி, கற்கண்டுத் தட்டோடு திரும்பி வரும்போது அந்தக் கால் வலிப்பதை மறந்துவிட்டிருந்தது.

ஹோமாய் சுவரைப் பார்த்தாள். இந்த ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் எதிர்ச் சுவரில் வெள்ளை உடையும் ஒளிவட்டமுமாக, ஒரு விரலை உயர்த்தியபடி தூதர் இருப்பார். இந்தச் சுவரில் அவர் இருந்த இடம் மட்டும் இருந்தது. நாற்பது வருடப் புகை படியாத வெளிறிய சதுரம். மேலே ஆணி.

"படம் எங்கம்மா?"

கேஷ்வர் கற்கண்டை நகர்த்தி வைத்தாள். "கண்ணாடி உடைஞ்சிருச்சு. மாத்தக் குடுத்திருக்கு."

'குடுத்திருக்கு' என்ற வார்த்தைக்கு முன்னால் அவள் தொண்டையைச் செருமினாள்.

"தண்ணி எங்க இருக்கும்மா, கை கழுவணும்," என்று எழுந்தான் தீரந்தாஸ். "வண்டியைத் தள்ளினதுல கையெல்லாம் கரி."

"முற்றத்துல..."

அவன் முற்றத்துக்குப் போகவில்லை. இடது பக்கம் திரும்பிச் சரக்கறைப் பக்கம் நடந்தான். கேஷ்வர் எழுந்த வேகத்தில் தேநீர் கொட்டியது. "அங்க வேண்டாம்! டேய், அங்க போகாதே!"

சரக்கறைக்குள் ஏதோ அசையும் சத்தம் கேட்டது.

தீரந்தாஸ் நெஞ்சை நிமிர்த்தி, "மெஹ்ரபான், வெளியே வந்துடு! ஓட முடியாது, வாசல்ல டாக்ஸி நிக்குது!" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினான்.

வெளியே வந்தது ஒரு சிவப்புக் கோழி. அவன் முகத்தில் மோதி, தோளில் ஏறி, அங்கிருந்து ஹோமாயின் தலைக்கு மேலாகப் பறந்து முற்றத்தில் விழுந்தது.

"முட்டை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி," என்றான் தீரந்தாஸ், வாயில் இருந்து இறகை எடுத்தபடி. "எங்க போகுதுங்கிறதுதான் பாக்கி."

சரக்கறையில் யாரும் இல்லை. ஜாடிகள், வெங்காயம், ஒரு பழைய தொட்டில். ஒளிந்துகொள்ள ஒரு குழந்தைக்குக்கூட இடமில்லை. ஹோமாய் கட்டிய கதையில் பாதி அந்தக் கோழியோடு பறந்துபோய்விட்டது.

ஆனால் மூலையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு படச்சட்டம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஹோமாய் அதைத் திருப்பினாள். தூதர் விரலை உயர்த்தியபடி அவளைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. படத்துக்கு முன்னால், இல்லை, படத்தின் முதுகுக்கு முன்னால், ஒரு சிறிய எண்ணெய் விளக்கு இருந்தது. எண்ணெய் புதிது. திரியின் முனை இன்று காலை எரிந்தது.

முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, முதுகுக்கு விளக்கேற்றுகிறவள்.

ஹோமாய் மண்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த வேலை புரிந்தது. நாம்தாரின் கடைசிக் குளிர்காலத்தில், மருத்துவர் சொன்னதற்கு நேர்மாறாக, "வசந்தம் வந்தா சரியாயிடுமாம்" என்று அவனிடம் சொன்னபோது, அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெறுப்பிலோ ஆசையிலோ பொய் சொல்கிறவர்கள் நேராகப் பார்த்துச் சொல்வார்கள். பாசத்தில் சொல்கிறவர்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. உலகத்தின் எல்லாக் கேடுகளுக்கும் பொய்தான் வேர் என்று சொன்னவர் தூதர். அவர் முன்னால் சொல்ல முடியாத பொய்யை இந்தக் கிழவி அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு விளக்கையும் விடவில்லை.

அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள்.

"அம்மா, மெஹ்ரபான் உயிரோட இருக்கான்."

"என்ன பேச்சு பேசறே?" கேஷ்வரின் குரல் உயர்ந்தது. "கோயில் மோபெத் அர்தஷீரைக் கேளு. மூணாம் நாள் மந்திரம் அவர்தான் சொன்னார். பத்தாம் நாளும் அவர்தான். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"மோபெத்கிட்ட சொன்னீங்க. மருமககிட்ட சொன்னீங்க. ஊர் முழுக்கச் சொன்னீங்க. நாய்கிட்ட மட்டும் ஏன்மா சொல்லல?"

முற்றத்தில் கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"மந்திரம் பரவாயில்ல," என்றாள் கேஷ்வர், மிகவும் மெதுவாக. "உயிரோட இருக்கும்போதே நம்ம ஆன்மாவுக்கு நாமளே சொல்லி வெச்சுக்கறது இல்லையா? அதனால அவனுக்கு ஒரு கெடுதியும் வராது. நாய் பங்கு அப்படியில்லையே. செத்தவங்க கடக்கற பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னு, வர்றவனைப் பேர் சொல்லிக் கூட்டிட்டுப் போறது அதுதானே? நான் இங்க அவன் பேரைச் சொல்லி முட்டையை வெச்சு, அது அதை நம்பி, அங்க போய் அவனுக்காகக் காத்திருந்துச்சுன்னா?" அவள் கொட்டிய தேநீரைத் துணியால் ஒற்றினாள். "மனுஷங்களை ஏமாத்திடலாம் ஹோமாய். அதோட கண்ணைப் பாத்து என்னால முடியல."

"அந்த முட்டையெல்லாம்?" என்றான் தீரந்தாஸ். அவனால் அடக்க முடியவில்லை.

"பாழ் தோட்டத்து மண்சுவருக்குப் பின்னாடி நின்னு நானே தின்னேன். சாப்பாட்டை வீணாக்கக் கூடாதே. இருபத்தெட்டு நாள்! முட்டைன்னு பேரைக் கேட்டாலே குமட்டுதுடா எனக்கு."

அவள் இடுப்பில் இருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். கடிதம் இருந்தது. கூடவே ஒரு புகைப்படம். பூனாவில் ஏதோ ஒரு தேநீர்க் கடை வாசல். கொஞ்சம் தடித்துப்போன மெஹ்ரபான். பக்கத்தில் ஒரு இளம்பெண், மடியில் ஒரு குழந்தை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன், நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பனை உரித்துவைத்தவை.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே கட்டிக்கிட்டானாம். 'அம்மா, நாஹீத்துக்குச் சொல்லாதே, விவாகரத்து அது இதுன்னு கோர்ட்டுக்குப் போனா இங்க என் குடும்பம் சிதைஞ்சிடும், அவ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.' அப்படியே இருந்துட்டுப் போகட்டுமாம்!" கேஷ்வர் கடிதத்தை மடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. "அந்தப் பொண்ணு ஏழு வருஷமா என் காலைப் பிடிச்சுவிட்டா. என் கண்ணுக்கு மருந்து போட்டா. அந்த வாத்தியார் பள்ளிக்கூட வாசல்ல சும்மாவே சைக்கிளைத் துடைச்சுட்டு நிக்கறதைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்துடுவா. எனக்குத் தெரியாதா? அதான் கொன்னுட்டேன். பெத்தவ நான்தானே? காய்ச்சல்ல கொன்னேன். அவனுக்கு வலிக்காம."

தீரந்தாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஹோமாய் மட்டும் விடவில்லை. விட்டிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் இருபத்திரண்டு வருடம் கேட்டுப் பழகிய காது, கேஷ்வர் எங்கே மூச்சு வாங்கினாள் என்று குறித்து வைத்திருந்தது.

"இந்தக் கடிதத்தையும் படத்தையும் நம்ம அஞ்சுமன் சபை முன்னாடி வெச்சிருந்தா போதுமே அம்மா. நம்ம வழியில ரெண்டு பெண்டாட்டி கிடையாது. அன்னிக்கே நாஹீத்துக்கு விடுதலை குடுத்திருப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"செத்தவனுக்கு அம்மான்னா ஊர் வந்து கையைப் பிடிச்சுக்கும்," என்றாள் கேஷ்வர். "நல்ல பையன்னு சொல்லும். இருபத்தெட்டு நாளா எல்லாரும் சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. இப்படிப்பட்டவனுக்கு அம்மான்னா யார் வருவா?"

"அப்போ அவளுக்காகவா, உங்களுக்காகவா?"

"ரெண்டும்தான். அதுல பாதி இதுல பாதின்னு பிரிச்சுக் காட்ட எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சா பிரிச்சுக் காட்டு."

ஹோமாய்க்குத் தெரியாது. ஜன்னல் திரையைச் சரிசெய்த அந்தக் கையில் எத்தனை பங்கு நாம்தாருக்காக, எத்தனை பங்கு அவன் அழுவதைப் பார்க்கத் தனக்குத் துணிவில்லாததால் என்று அவள் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

வாசற்கதவு திறந்தது. நாஹீத் துணியில் சுற்றிய எண்ணெய் ரொட்டியோடு உள்ளே வந்தாள். "அத்தை, சூடா இருக்கும்போதே..." ஹோமாயைப் பார்த்தாள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க அக்கா. நான் விதவையா, இல்லையா?"

பதில் ஹோமாயின் நாக்கு நுனியில் இருந்தது. அவளைத் தேடி வந்து கேட்ட கேள்வி. கண்டுபிடித்தவளும் அவள்தான். ஆனால் அவள் கேஷ்வரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேஷ்வர் புகைப்படத்தை நீட்டினாள். "இல்லம்மா," என்றாள்.

நாஹீத் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். அழுவாள் என்று தீரந்தாஸ் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தான். அவள் அழவில்லை. தைக்கக் கொடுத்த துணியைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, அவருக்கு இங்க ஒருத்தி இருக்கான்னு?"

"தெரியாதுன்னுதான் எழுதியிருக்கான்."

"அப்ப அவளையும் ஏமாத்திட்டு இருக்கார்." நாஹீத் படத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். பிறகு மாமியாரின் பக்கம் திரும்பினாள். "இருபத்தெட்டு நாளா அழுதேனே அத்தை. அவர் செத்துட்டார்னு நினைச்சு அழல. ராத்திரி நீங்க தூங்காம உக்காந்திருக்கறதைப் பாத்து அழுதேன். பிள்ளை போன துக்கம்னு நினைச்சேன்."

"பிள்ளை போன துக்கம்தான்டி அது," என்றாள் கேஷ்வர்.

நாஹீத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போகிற ரொட்டியின் வாசனை கூடமெங்கும் பரவியது.

"அவர் செத்துட்டார்னு சொல்லி நான் இஸ்ஃபந்தியார் வீட்டுக்குப் போக மாட்டேன் அத்தை. எனக்குக் கிடைக்கிறது நிஜமா கிடைக்கணும்."

"நாளைக்கு அஞ்சுமன் ஆபீஸ் திறந்ததும்..." என்று தொடங்கினாள் ஹோமாய்.

"நாளைக்கு வரைக்கும் எனக்குத் தைரியம் இருக்காது," என்றாள் கேஷ்வர். "ஆபீஸ் ஆளுங்க, ஊர், மோபெத், எல்லாரும் இப்ப கோயில்லதான் இருக்காங்க. என் செருப்பை எடு."

"கால் வலின்னீங்களே அம்மா?" என்றான் தீரந்தாஸ்.

"வாயை மூடிட்டு வண்டியை எடுடா."

அதிசயமாக, வண்டி முதல் முறையிலேயே கிளம்பியது.

பின் இருக்கையில் கேஷ்வர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "என் பையன் உயிரோட இருக்கான்." முதல் முறை சத்தமே வரவில்லை. இரண்டாவது முறை நடுவில் உடைந்தது. எந்தத் தாயும் தெருவில் ஓடிக்கொண்டே கத்தக்கூடிய வாக்கியம் அது. நாஹீத் அவள் கையைப் பிடித்திருந்தாள். ஹோமாய் முன் இருக்கையில் இருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் வாசலில், குளத்தை ஒட்டி, வெள்ளை உடுப்பில் மோபெத் அர்தஷீர் நின்றிருந்தார். கேஷ்வர் இறங்குவதைப் பார்த்ததும் இரக்கத்தோடு இரண்டு எட்டு முன்னால் வந்தார். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டார்.

"வாங்கம்மா. இந்த நிலைமையிலும் வந்தீங்களே. உங்க மகனோட ஆன்மாவுக்கு..."

"நிறுத்துங்க ஐயா," என்றாள் கேஷ்வர். இந்த முறை குரல் உடையவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் உயிரோடதான் இருக்கான். நல்லாக் கொழுகொழுன்னு இருக்கான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."